பள்ளத்துக்கு மேல் ஒரு சுமைதாங்கி: ஆனைமலை அடிவாரத்தில் அமைந்த நடைபாலம்

பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புகள் முடிந்து ஆனைமலை ஏறத் தொடங்கும் விளிம்பில் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான காடு இருக்கிறது. காடு என்றால் வனத்துறையின் காப்புக்காடு இல்லை, பட்டா நிலம்தான். மூன்று தலைமுறையாக உழாமல் விட்டதால் தானாக வளர்ந்த மரங்கள். நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது. கொங்கு நாட்டில் சிற்றோடையைப் பள்ளம் என்றுதான் சொல்வார்கள். கரை நெடுக நீர்மருது, புங்கன், நாவல், அத்தி, இடையிடையே மூங்கில் புதர்கள். வருடத்தில் பாதி நாள் மணலும் பாறையுமாகக் காய்ந்து கிடக்கும். தென்மேற்குப் பருவமழை மலையில் இறங்கினால் ஒரே இரவில் கரை தொடும்.

பள்ளத்தின் அக்கரையில் அந்தக் குடும்பம் கும்பிடும் கன்னிமார் கற்கள் ஏழு நிற்கின்றன. ஆடி 18 அன்று அங்கே பொங்கல் வைத்து, காதோலை கருகமணி படைப்பது வழக்கம். சிக்கல் என்னவென்றால், பள்ளத்தில் தண்ணீர் வேகமாகப் போவதும் அதே ஆடியில்தான். தண்ணீர் அதிகமான வருடங்களில் இக்கரையிலேயே கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இது தவிர, அக்கரையில் புல் அறுத்துக் கட்டித் தலையில் வைத்து வரும் பெண்கள் தினமும் இந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறார்கள்.

பாலத்தை வடிவமைத்துத் தரச் சொல்லி எங்களிடம் வந்தபோது குடும்பத்தின் இளையவர்கள் கேட்டது, பார்க்க ஒரு சிற்பம் போல இருக்கும் பாலம், கூடவே உட்கார ஓர் இடம். வீட்டில் மூத்தவரான அப்பத்தா கேட்டது வேறு. "தண்ணி போற நாள்ல போக முடியாட்டி அப்புறம் எதுக்கு கண்ணு பாலம்?" என்றார். வரைபடத்தில் ஒவ்வொரு கோடு போடும்போதும் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நின்றது. அழகு இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலில் இருந்தே வர வேண்டும், பதில் சொல்லி முடித்த பிறகு மேலே பூசுவதாக இருக்கக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம்.

தண்ணீர் எவ்வளவு வரும்

காட்டுப் பாலத்தில் முதலில் அளக்க வேண்டியது நீளம் இல்லை, வெள்ளத்தின் உயரம். இந்த மாதிரி சிறு பள்ளங்களுக்கு அளவுப் பதிவேடு எதுவும் கிடையாது. ஆனால் தண்ணீர் தானே எழுதி வைத்துவிட்டுப் போகும். மரக்கிளைகளில் சிக்கிய சருகு, பட்டையில் படிந்த வண்டல் கோடு, பாறை இடுக்கில் செருகிய மூங்கில் துண்டு இவற்றையெல்லாம் மட்டக்குழாய் வைத்து அளந்தோம். வழக்கமான வெள்ளம் பள்ளத்தின் தரையிலிருந்து 1.5 மீட்டர் வரை வந்திருந்தது. காட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒரு நீர்மருதின் அடிமரத்தைக் காட்டி, "இதுக்கு மேல நான் பார்த்தது இல்லீங்க" என்றார். அது 1.9 மீட்டர்.

பிறகு கணக்கு. தென்னிந்தியப் பள்ளங்களில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று கணிக்க இன்றும் பயன்படுவது ரைவ்ஸ் சூத்திரம். 19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்துக்கென்று உருவானது. நீர்ப்பிடிப்புப் பரப்பை மூன்றில் இரண்டு என்ற அடுக்குக்கு உயர்த்தி, இடத்துக்குத் தகுந்த ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். மலையடிவாரத்துக்கு அந்த மாறிலி 10.2. எங்கள் பள்ளத்துக்கு மேலே இருக்கும் நீர்ப்பிடிப்பு ஏறக்குறைய 6 சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டால் நொடிக்கு 34 கன மீட்டர் வருகிறது. பள்ளத்தின் அகலம் 9 மீட்டர், சரிவு நூற்றுக்கு ஒன்று, தரை கல்லும் வேருமாகக் கரடுமுரடு. அந்த நிலையில் தண்ணீர் நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் ஓடும். அப்படியானால் ஆழம் 1.5 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மரத்தில் இருந்த கோடும் காகிதத்தில் வந்த எண்ணும் இவ்வளவு நெருங்கி வந்தது பெரிய நிம்மதி. ஆனாலும் பெரியவர் காட்டிய 1.9 மீட்டரைத்தான் எடுத்துக்கொண்டோம்.

அதற்கு மேல் எவ்வளவு இடைவெளி விடுவது? நொடிக்கு 30 முதல் 300 கன மீட்டர் வரை தண்ணீர் போகும் பாலங்களுக்கு சாலை, பாலங்களுக்கு விதிமுறை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் விதி 900 மில்லிமீட்டர் கேட்கிறது. சாலைப் பாலத்துக்கான விதிதான், நடைபாலத்தில் குறைத்துக்கொள்ளலாமே என்று ஒரு பேச்சு வந்தது. நாங்கள் குறைக்கவில்லை. இந்தப் பள்ளத்தில் தண்ணீர் மட்டும் வருவதில்லை, வேரோடு பெயர்ந்த மூங்கில் புதர் அப்படியே மிதந்து வரும். ஆக, பாலத்தின் அடிப்பாகம் தரையிலிருந்து 2.8 மீட்டரில் நிற்க வேண்டும். இந்த ஓர் எண்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தது.

இதோடு வருவாய்த்துறைக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். இருபுறமும் பட்டா நிலம் என்றாலும், பள்ளம் புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், ஓடைப் புறம்போக்கு, அரசு நிலம். அதற்குள் தூண் இறக்க நமக்கு உரிமை இல்லை. தண்ணீருக்கும் அதுதான் நல்லது. எனவே நடுவில் தூணே இல்லாமல், கரைக்குக் கரை ஒரே தாண்டு. அதற்கும் முறைப்படி எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிய பிறகே வேலை தொடங்கியது.

எங்கே கடப்பது

குடும்பத்தினர் மனதில் ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது. எதிரெதிர்க் கரையில் இரண்டு பெரிய நீர்மருதுகள், வெளிறிய வழவழப்பான அடிமரம், மேலே கிளைகள் பின்னி ஒரு வளைவு. அங்கே பாலம் போட்டால் படம் பிரமாதமாக இருக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மரங்கள்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கின்றன. மரத்தின் அருகே வேலை செய்யும்போது அடிமர விட்டத்தின் 12 மடங்கு ஆரத்துக்கு வேர்ப்பகுதியைத் தொடக்கூடாது என்பது மரப் பாதுகாப்பில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள நீர்மருதுக்கு அது 10.8 மீட்டர். அங்கே அடித்தளம் தோண்டினால் பத்து வருடத்தில் மரமும் போகும், கரையும் போகும், பாலமும் போகும்.

கொஞ்சம் கீழே போனால் அக்கரையில் பாறைத் தகடு வெளியே தெரிகிற இடம் இருந்தது. இக்கரையில் மண்தான், ஆனால் பெரிய மரம் இல்லை. அங்கே 12 மீட்டர் தாண்டு போதும். நீர்மருதுகள் பாலத்திலிருந்து பார்க்கும் காட்சியாக மேல்புறத்தில் நிற்கும். இதை அப்பத்தாவிடம் சொன்னபோது ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார். இளையவர்களுக்குத்தான் சமாதானம் ஆகக் கொஞ்ச காலம் பிடித்தது.

யானைகளைப் பற்றியும் இங்கேதான் யோசித்தோம். பாலத்துக்குக் கீழ்ப்புறம், கரை சரிந்து இறங்கும் இடத்தில் யானைத்தடம் ஒன்று இருக்கிறது. அந்த வழியை மறைக்கக்கூடாது. வேலி இல்லை, விளக்கு இல்லை, பலா மாதிரி யானையை இழுக்கும் மரம் எதுவும் நடுவதில்லை என்று முதலிலேயே எழுதி வைத்தோம்.

தள்ளி வைத்த யோசனைகள்

வழக்கமான தீர்வு குழாய்ப் பாலம். சிமெண்ட் குழாய்களை வரிசையாகப் போட்டு மேலே கான்கிரீட். செலவு குறைவு. ஆனால் ஒரே ஒரு மூங்கில் புதர் குழாய் வாயில் மாட்டினால் பாலம் அணையாகிவிடும், தண்ணீர் பக்கத்துக் கரையை அறுத்துக்கொண்டு போகும். கம்பியில் தொங்கும் பாலம் பார்க்க லேசாக இருக்கும், ஆனால் ஆடும். கோல் ஊன்றி நடக்கும் ஒருவருக்கும் தலையில் கட்டு சுமப்பவருக்கும் ஆடுகிற தரை ஆகாது. லண்டன் மில்லேனியம் பாலம் 2000-ஆம் ஆண்டு ஜூனில் திறந்த இரண்டே நாளில் ஆட்டம் தாங்காமல் மூடப்பட்டு, அதிர்வடக்கிகள் பொருத்தி 2002-இல்தான் மறுபடி திறந்தது. அங்கே நடந்தது பக்கவாட்டு ஆட்டம், கூட்டமும் பெரிது. இருந்தாலும் நடைபாலத்தில் வலிமை வேறு, விறைப்பு வேறு என்பதை இனி எந்தப் பொறியாளரும் மறக்க முடியாது.

வாய்க்காலுக்குக் குறுக்கே பனைமரத்தைப் போட்டு நடப்பது நம் ஊர்ப் பழக்கம். 12 மீட்டருக்கு அது முடியாது. தவிர, தமிழ்நாட்டில் இப்போது பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். அது நல்ல விதி.

மனதை மிகவும் இழுத்தது சுவிட்சர்லாந்தின் வியாமாலா பள்ளத்தாக்கில் யுர்க் கோன்செட் 1999-இல் கட்டிய சுரன்சுன்ஸ் பாலம். 40 மீட்டர் தாண்டு. எஃகுப் பட்டைகளின் மேல் 6 சென்டிமீட்டர் கனமுள்ள கிரானைட் பலகைகளை அடுக்கி, பட்டைகளை இழுத்து முறுக்கி, கற்களை ஒன்றோடொன்று நெருக்கி வைத்திருக்கிறார். கல்லும் இரும்பும் அவற்றுக்குத் தெரிந்ததை மட்டும் செய்கின்றன. கல் அமுக்கத்தைத் தாங்குகிறது, எஃகு இழுவையைத் தாங்குகிறது. ஆனால் அந்த இழுவையைப் பிடித்து நிறுத்த இரு கரையிலும் உறுதியான பாறை வேண்டும். எங்களுக்கு ஒரு கரைதான் பாறை. எனவே அந்த அமைப்பை விட்டுவிட்டு, கல்லை மெல்லிய பலகையாக வைத்து நடக்கும் யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சுமைதாங்கி

அடிப்பாகம் 2.8 மீட்டரில் நிற்க வேண்டும். கீழே ஆழமான உத்தரம் வைத்தால் நடைதளம் அந்த அளவுக்கு மேலே ஏறும், ஏறினால் சாய்வுப் பாதை நீளும். அப்பத்தாவால் அவ்வளவு ஏற முடியாது. உத்தரத்தைக் கீழே வைக்க முடியாவிட்டால் மேலே வைக்க வேண்டும். அதாவது இரண்டு பக்கக் கைப்பிடிச் சுவர்களே பாலத்தைத் தாங்கும் டிரஸ், அதாவது கம்பிகளை முக்கோணங்களாகப் பின்னிய சட்டம், ஆக வேண்டும். நடைதளம் அவற்றுக்கிடையில் மெலிதாகத் தொங்கும். இப்படிச் செய்ததில் அடிப்பாகத்திலிருந்து நடக்கும் தளம் வரை 20 சென்டிமீட்டர் கனம்தான் வந்தது. தளம் 3 மீட்டர் உயரத்தில் நின்றது. இக்கரையின் உயரம் 2.3 மீட்டர். மீதி 70 சென்டிமீட்டர் ஏற, 15-க்கு 1 சரிவில் பத்தரை மீட்டர் சாய்வுப் பாதை போதுமானது. அக்கரையில் பாறை ஏறக்குறைய தளத்தின் மட்டத்திலேயே இருக்கிறது.

வடிவம் இங்கிருந்துதான் பிறந்தது. இரு முனையில் மட்டும் தாங்கும் பாலத்தில் வளைக்கும் விசை நடுவில்தான் அதிகம். ஆகவே டிரஸ் நடுவில் உயரமாகவும் முனைகளில் தாழ்வாகவும் இருப்பதே நியாயம். முனையில் 1.1 மீட்டர் போதும், அது தடுப்புச் சுவருக்கு வேண்டிய உயரம். நடுவில் எவ்வளவு? கணக்குப்படி 1.2-லிருந்து 1.5 வரை எதுவும் சரி.

இந்த உயரத்தைப் பார்த்தவுடன் எங்கள் எல்லோருக்கும் தோன்றியது ஒன்றுதான். கொங்கு நாட்டுப் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் நிற்கின்றன. இரண்டு கற்களை நட்டு, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர் யாருடைய உதவியும் இல்லாமல், குனியாமல், சுமையை அதன் மேல் சாய்த்து இறக்கி மூச்சு வாங்கலாம், பிறகு அப்படியே தலையில் ஏற்றிக்கொள்ளலாம். கர்ப்பமாக இருக்கும்போது இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நடுவது மரபு. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கர் எல்லோரும் சுமை இறக்க ஓர் இடம். மூன்றே கல்லில் கட்டுமானமும் சிற்பமும் நினைவுச்சின்னமும் இளைப்பாறும் இடமும் ஒன்றாக நிற்கும் இதைவிட நல்ல பொது வடிவமைப்பை நான் எங்கும் பார்த்ததில்லை. எது தாங்குகிறதோ அதுவே பார்க்க அழகாகவும் இருக்கிறது. தனியாக அலங்காரம் என்று எதுவும் இல்லை.

பாலத்தின் நடுவில் 1.35 மீட்டர் என்று முடிவு செய்தோம். புல்லுக்கட்டு சுமந்து வரும் பெண்கள் சிலரை நிற்கவைத்து, ஒரு பலகையை ஏற்றி இறக்கிப் பார்த்து எடுத்த உயரம் அது. கீழ்ப்புற டிரஸின் மேல் மட்டும், நடுவில் 2.4 மீட்டர் நீளத்துக்கு ஒரு கிரானைட் பலகை. அகலம் 30 சென்டிமீட்டர். வழி குறுகாமல் இருக்க அது வெளிப்புறமாக நீண்டிருக்கிறது. கட்டு உருண்டு பள்ளத்தில் விழாமல் இருக்க வெளிவிளிம்பில் 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு வரம்பு, அதே கல்லில் செதுக்கியது. விசை மிகுந்து டிரஸ் உயர வேண்டிய இடமும், சுமையோடு வருபவர் நின்று மூச்சு வாங்கும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

டிரஸின் உள்ளே கம்பிகள் எப்படி நிற்க வேண்டும் என்பதையும் விசையே சொன்னது. பாலத்தைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் வெட்டும் விசை முனைகளில் அதிகம், நடுவில் குறைவு. எனவே கனமான சாய்வுக் கம்பிகள் கரையோரம் நெருக்கமாகவும் நடுவில் விலகியும் நிற்கின்றன. பாலத்தில் ஏறும்போது தோட்டங்களுக்கிடையே போகும் இட்டேரிப் பாதையில் கிளுவை வேலிக்கிடையில் நடப்பது போலப் பக்கம் அடைத்திருக்கும், நடுவுக்குப் போகப் போகப் பள்ளம் திறந்து தெரியும். குழந்தைகள் நுழையாதபடி இடைவெளிகளை 12 மில்லிமீட்டர் கம்பிகளால் 10 சென்டிமீட்டருக்குள் அடைத்தோம். அவை மெல்லியவை, தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதில் ஒரு நுட்பமான விஷயம் உண்டு. மேல்விளிம்பு அமுக்கத்தில் இருப்பதால் பக்கவாட்டில் துள்ளி மடங்கப் பார்க்கும். அதை மேலே குறுக்குக்கம்பி போட்டுப் பிடிக்க முடியாது, ஆள் நடக்க வேண்டும். எனவே நடைதளத்தின் கீழே போகும் குறுக்குச் சேனல் இரும்பையும் இருபக்க நிற்கும் கம்பங்களையும் விறைப்பாக இணைத்து, 'ப' எழுத்து வடிவில் சட்டங்களாக்கினோம். மீட்டருக்கு ஒரு 'ப'. பாலத்தின் குறுக்குவெட்டு அவ்வளவுதான்.

எடையைச் சொல்கிறேன். சதுர மீட்டருக்கு 500 கிலோ வீதம் கூட்டம் நிற்பதாக எடுத்துக்கொண்டோம். வழக்கமான நடைபாலத்துக்கு 400 போதும், திருவிழாக் கூட்டம் வரும் இடங்களுக்கு 500 என்பது விதி. ஆடி 18 அன்று இது திருவிழா இடம்தான். அகலம் 1.5 மீட்டர், அப்படியானால் 9 டன். கல், இரும்பு சேர்த்து இன்னும் 4 டன். இவ்வளவுக்கும் ஒரு மேல்விளிம்பில் வரும் அமுக்கம் ஏறக்குறைய 7 டன்தான், 75 மில்லிமீட்டர் ஆங்கிள் (L வடிவ இரும்பு) தாங்கிவிடும். டிரஸ் ஆழமாக இருப்பதன் பலன் இது. பாலம் தானாக அதிரும் அதிர்வெண் நொடிக்கு 8-க்கு அருகே வந்தது. மனித நடை நொடிக்கு 2 தப்படி. 5-க்கு மேலே இருந்தால் ஆட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நடுவில் 60 மில்லிமீட்டர் மேல்நோக்கி வளைத்தும் விட்டோம். மட்டமாகக் கட்டிய பாலம் கண்ணுக்குத் தொய்ந்ததாகத் தெரியும். மழைத்தண்ணீரும் தேங்காமல் இருபுறமும் வடியும்.

தூக்கிப் போக முடிந்த எடை

வண்டிப்பாதை முடியும் இடத்திலிருந்து பள்ளம் 350 மீட்டர். கிரேன் வர வேண்டுமானால் மரங்களை வெட்டிப் பாதை போட வேண்டும். அந்தப் பாதை ஒருமுறை விழுந்துவிட்டால் காடு அதை மூட இருபது வருடம் ஆகும், அதற்குள் யாராவது அதில் ஜீப் ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். எனவே எந்தத் துண்டும் நான்கு பேர் தோளில் போகும் எடையைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். தலைக்கு 25, அதிகபட்சம் 30 கிலோ. இதே மலைத்தொடரின் உச்சியிலிருந்து தேக்கு மரங்களைச் சரிவில் உருட்டி இறக்கியதால்தான் டாப்சிலிப்புக்கு அந்தப் பெயரே வந்தது. அங்கே சரிவு வேலை செய்தது. இங்கே தோள்தான்.

ஒவ்வொரு டிரஸும் 3 மீட்டர் நீளத்தில் நான்கு துண்டு. ஒரு துண்டு 105 கிலோ. கல் பலகை ஒன்று 1.5 மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் கனம், 97 கிலோ. 29 பலகைகள். பாலத்தின் அளவுகளில் பாதி, நான்கு பேர் மூங்கில் கழியில் கட்டித் தூக்கும் எடையிலிருந்து வந்தவை. இதைக் குறையாக நான் நினைக்கவில்லை. மனிதர்கள் தூக்கிவந்த துண்டுகளால் ஆன பாலம் மனித அளவிலேயே இருக்கிறது, பெரிய மரங்களுக்கிடையில் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்வதில்லை.

இரும்பு வேலை கோவைப் பட்டறை ஒன்றில் நடந்தது. துண்டுகளை முழுதாக ஒருமுறை பட்டறையிலேயே பூட்டிப் பார்த்து, கழற்றி, துருப் பிடிக்காமல் இருக்கத் துத்தநாகக் குளியலுக்கு அனுப்பினார்கள். நாக்கு போல் உள்நீளும் மூலைகளும் மூடிய குழாய்களும் இல்லாதபடி பார்த்துக்கொண்டோம், தண்ணீர் தங்கும் இடத்தில்தான் துரு பிடிக்கும். காட்டுக்குள் ஒரு இடத்திலும் வெல்டிங் கிடையாது, எல்லாம் போல்ட். பள்ளம் காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியில்தான் பூட்ட முடியும். அந்த மாதங்களில்தான் சருகும் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும்.

கல்லுக்குத் திருமுருகன்பூண்டிச் சிற்பிகளிடம் போனோம். சாமி சிலை செய்து பழகிய கைகள். பலகைகளின் மேற்பரப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். இழைத்த கல் நனைந்தால் வழுக்கும், நிழலில் பாசியும் பிடிக்கும். இயந்திரத்தில் தீ காட்டிச் சொரசொரப்பாக்குவது இப்போதைய வழக்கம். மூத்த சிற்பி ஒரு பலகையில் உளியால் குறுக்குவாட்டில் வரிவரியாகப் பொளிந்து காட்டினார். "ஏனுங்க, அம்மி கொத்துனா அரைக்கிற பொருள் நழுவுதுங்களா? அதே மாதிரி காலும் நழுவாதுங்க" என்றார். தண்ணீர் ஊற்றி, வெறுங்காலில் நடந்து, செருப்போடு நடந்து, கோல் ஊன்றிப் பார்த்தோம். அவர் சொன்னதே சரி. இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு வரி என்று எல்லாப் பலகையும் கையாலேயே பொளியப்பட்டது. பலகைகளுக்கிடையில் 12 மில்லிமீட்டர் இடைவெளி. கோலின் முனையோ கன்றுக்குட்டியின் குளம்போ இறங்காது.

அக்கரையில் பாறையைத் துளையிட்டு எஃகுக் கம்பிகளை இறக்கிப் பிசினால் பிடித்தோம். இக்கரையில் கரை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே, கையால் தோண்டி, கருங்கல் கட்டு. வேர் எதிர்ப்பட்ட இடத்தில் வேரை விட்டுக் கல்லை நகர்த்தினார்கள். பாலம் அக்கரையில் பூட்டியிருக்கிறது, இக்கரையில் நழுவும். வெயிலுக்கும் குளிருக்கும் நான்கைந்து மில்லிமீட்டர் நீண்டு சுருங்க அங்கே நீள்துளை வைத்திருக்கிறோம்.

அப்பத்தாவுக்கென்று டிரஸின் உட்புறம் 85 சென்டிமீட்டர் உயரத்தில் மரக் கைப்பிடி ஓடுகிறது. முதலில் பனை வைரத்தை நினைத்தோம். பனை நாரில் சிராய் எழும், வயதானவர் கைக்கு ஆகாது. வண்டிச் சக்கரத்துக்குப் போடும் கருவேலத்தை உருட்டி இழைத்து வைத்தோம். கை பட்டுப் பட்டு இப்போதே பளபளக்கிறது.

இளைப்பாறும் இடம்

அக்கரையில், பாலம் முடிந்து கன்னிமாருக்குப் போகும் வழியில், சின்ன ஒரு கூரை. முதலில் எங்கே கூடாது என்று பார்த்தோம். அத்திமரத்தடி நல்ல நிழல், ஆனால் பழம் பழுத்தால் பறவை எச்சம், மேலே தேன்கூடும் வரும். நாவல் கிளை காற்றில் சட்டென்று முறியும். கடைசியில் இரண்டு புங்க மரங்களுக்கு வெளியே, காலை வெயில் விழுந்து மதியத்துக்கு மேல் நிழல் வரும் இடத்தைத் தேர்ந்தோம்.

திண்ணை இரண்டு மட்டத்தில். ஒன்று 45 சென்டிமீட்டர் உயரம், முட்டி வலிப்பவர் உட்கார்ந்து எழ. இன்னொன்று 30 சென்டிமீட்டர், ஆனால் 75 சென்டிமீட்டர் ஆழம், சம்மணம் போட்டு உட்காரவும் ஒருக்களித்துப் படுக்கவும். கல்லை அடுக்கித் திண்ணை கட்டினால் இடுக்கில் பாம்பு தங்கும். கண்ணாடிவிரியன் இருக்கும் நிலம் இது. அதனால் பலகையைக் கால்களின் மேல் தூக்கி வைத்து, அடியில் வெளிச்சம் புகுந்து பின்பக்கம் தெரியும்படி விட்டோம். உட்காரும் முன் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

கூரைக்குக் கல் பலகை போட ஆசை இருந்தது, எடை ஒத்துக்கொள்ளவில்லை. காற்றில் விழுந்து கிடந்த பனையின் வைரத்தில் கைமரங்கள், மேலே சீமை ஓடு. ஓர் ஓட்டின் எடை இரண்டு, இரண்டரை கிலோதான். புல்லுக்கு வந்த பெண்களே ஆளுக்குச் சில ஓடு என்று கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். பின்சுவர் கிடையாது.

ஆடி வந்த பிறகு

முதல் பருவமழையில் ஓர் இரவு தண்ணீர் 1.6 மீட்டர் ஏறியது. காலையில் பார்த்தபோது கீழ்ப்புறப் பாறையில் பெரிய மூங்கில் புதர் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பாலத்தில் எங்கும் உரசல் இல்லை. ஆடி 18 அன்று அப்பத்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே செம்மண் தண்ணீர் போய்க்கொண்டிருக்க, அக்கரை போனார். நடுவில் நின்று பொங்கல் பானைக் கூடையைச் சுமைதாங்கியின் மேல் வைக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்.

புல்லுக்கட்டுப் பெண்கள் சுமைதாங்கியை நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஒருவர் கட்டை இறக்கி வைத்துப் பின்னால் வருபவருக்காகக் காத்திருக்கும் இடமாகவும் அது ஆகிவிட்டது. இரண்டு கட்டுகள் அருகருகே வைக்க 2.4 மீட்டர் சரியாக இருக்கிறது. அகலம் மட்டும் இன்னும் 5 சென்டிமீட்டர் இருந்தால் சோளத்தட்டுக் கட்டுக்கும் வசதி என்கிறார்கள், அடுத்து எங்காவது செய்தால் 35 சென்டிமீட்டராக வைப்போம். குழந்தைகளைத் தூக்கி அந்தப் பலகையில் உட்காரவைக்கும் பழக்கமும் தொடங்கியிருக்கிறது. அது ஆபத்து. பலகையின் உள்விளிம்பு ஓரமாக ஒரு மெல்லிய கம்பியை மேலே உயர்த்தினால் உட்கார முடியாது, ஆனால் கட்டை ஏற்றுவதும் சிரமமாகும். அதனால் இப்போதைக்குச் சொல்லித்தான் தடுக்கிறார்கள்.

இக்கரைச் சாய்வுப் பாதையின் ஓரத்தில் மழைநீர் ஓடி மண்ணை அரிக்கிறது. மேல்பக்கம் கல் பரப்பிய சிறு வாய்க்கால் ஒன்று வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பலகை இடைவெளிகளில் புங்கச் சருகு மக்கி அடைக்கிறது, வாரம் ஒருமுறை சீமாறு போட்டால் சரியாகிவிடும். ஆனி மாதம் மழைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை மூன்று: எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று முறுக்கிப் பார்ப்பது, இக்கரை முனையின் நீள்துளையில் மண் அடைத்திருந்தால் எடுப்பது, மேல்புறம் நூறடி தூரத்துக்குள் சாயும் நிலையில் உள்ள மூங்கிலைக் கழித்துவிடுவது. இந்த வருடம் மூங்கிலைக் கழிக்கும்போதே அந்த இரண்டு நீர்மருதுகளின் அடியிலும் கரை அரிப்பு இருக்கிறதா என்று அளந்து வைத்திருக்கிறோம். அவற்றில் ஒன்றின் அடியில் வேர் கொஞ்சம் வெளியே தெரிகிறது. அங்கே வெட்டிவேர் நாற்று வைக்கும் வேலை ஐப்பசி மழையோடு தொடங்குகிறது.